சொல்லிவிட்டுப் பார்

2025 ஏப்ரல் இறுதியில் சன்னி தாமஸ் காலமானபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எழுத வேண்டியதுதான். கேரளத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1993 முதல் 2012 வரை இந்தியத் துப்பாக்கிச் சுடும் அணியின் பயிற்சியாளர். துரோணாச்சாரியார் விருது பெற்றவர். ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளி வென்றதும் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் அவர் காலத்தில்தான். அவர் மறைந்து சில வாரங்கள் கழித்து, வேலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் உஸ்தாத் இறந்துபோனார். அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஊர் முனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பது அதில் இல்லை. அதை எழுதிவைக்க வேண்டியது அவரிடம் படித்தவர்களின் கடமை.

பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். ஆயுதம் கற்றுக்கொடுப்பவரைப் பட்டாளத்தில் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். என்.சி.சி.யில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். உஸ்தாதின் ஊரும் அந்த வகைதான். அப்பா பட்டாளம், பெரியப்பா பட்டாளம். பதினெட்டு வயதில் இவரும் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்குப் போய் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். குறி நன்றாக இருக்கிறது என்று, அம்பேத்கர் பிறந்த ஊரான மாவ் நகரில் உள்ள காலாட்படைப் பள்ளிக்கு ஆயுதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு போன இடத்திலெல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை காத்திருந்தது. வடகிழக்கில் இருந்தார், காஷ்மீரில் இருந்தார். 1987இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார். அதைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: “அங்க எல்லாரும் நம்ம பாஷையிலதாம்மா அழுதாங்க.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை.

1994இல் ஹவில்தாராகத் திருச்சிக்கு வந்தார், எங்கள் என்.சி.சி. பட்டாலியனுக்குப் பி.ஐ. ஸ்டாஃபாக, அதாவது பயிற்றுநராக. நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. பரேடு முடிந்தால் கிடைக்கும் பரோட்டாவுக்காகவும், ‘சி’ சர்டிஃபிகேட் இருந்தால் வேலைக்கு உதவும் என்று அக்காமார்கள் சொன்னதற்காகவும் சேர்ந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். உஸ்தாத் ஒல்லியான, உயரம் குறைந்த மனிதர். சட்டையின் மடிப்பு எப்போதும் கலையாமல் இருக்கும். கையை மடக்கினால் இரண்டு முழங்கையிலும் கறுப்பாகக் காய்ப்புத் தெரியும். பல ஆண்டுகள் தரையில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிச் சுட்டதில் வந்த காய்ப்பு. ரேஞ்சில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். மற்ற பயிற்றுநர்கள் கத்துகிற இடத்தில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

எங்களுக்குக் கொடுத்தது ‘பாயிண்ட் டூ டூ’ ரைஃபிள், நம்பர் 2 மார்க் 4. பழைய லீ என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியின் உடம்புதான், குழலின் துளை .22 ரவுண்டுக்கு ஏற்றபடி சன்னம். ஒரு தடவைக்கு ஒரு ரவுண்டு. சுட்ட பிறகு போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து வெற்றுக்கூட்டை வெளியே எடுத்து, அடுத்த ரவுண்டைக் கையால் வைக்க வேண்டும். அந்த ரவுண்டின் மொத்த நீளம் ஓர் அங்குலம். அதை உள்ளங்கையில் வைத்து எங்களிடம் ஒருமுறை நீட்டினார். “சின்னதா இருக்குன்னு பாக்காதீங்க. எதுலயும் படாம போச்சுன்னா ஒன்றரைக் கிலோமீட்டர் போவும். அங்க யாரு நிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” ரேஞ்சின் பின்னால் ஏன் அவ்வளவு உயரமாக மண்மேடு கட்டியிருக்கிறார்கள், நான்கு பக்கமும் ஏன் சிவப்புக் கொடி, ஏன் சென்ட்ரி என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் எங்களுக்குப் புரிந்தது.

முதல் சில வாரங்கள் எங்கள் கையில் ரவுண்டே கொடுக்கவில்லை. கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் தரி என்னும் ஜமுக்காளத்தை விரித்துப் படுக்க வைத்தார். இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே வர வேண்டும். கால்களை அகட்டிக் குதிகால் தரையில் படிய வைக்க வேண்டும். பட்டாளத்துப் பாடத்தில் நல்ல குறிக்கு மூன்று விதிகள் உண்டு: மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், சரியான ட்ரிகர் ஆபரேஷன். அதை இந்தியில் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, எங்களுக்காக “பிடி, குறி, விரல்” என்று சுருக்கிக்கொடுத்தார். மூச்சை இழுத்துப் பாதியை விட்டு நிறுத்த வேண்டும். நிறுத்திய சில விநாடிக்குள் விரலின் வேலை முடிய வேண்டும். முடியவில்லையென்றால் விரலை வெளியே எடுத்து, மூச்சுவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண் மங்கிய பிறகு சுடக் கூடாது.

ட்ரிகர்தான் அவர் பாடத்தில் நீளமானது. இந்த வகைத் துப்பாக்கியில் ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும். முதல் அழுத்தத்தில் கொஞ்சம் இலகுவாக வந்து ஓரிடத்தில் தடுத்து நிற்கும். அங்கிருந்து இரண்டாம் அழுத்தம். அந்த இரண்டாவதில்தான் எல்லாரும் வெடுக்கென்று இழுப்பார்கள், குழல் நுனி கீழே போகும். “இழுக்காதம்மா, பால் கறக்கிற மாதிரி அழுத்து” என்பார். குழல் நுனியில் இருக்கும் ஃபோர்சைட்டை ஒட்டி எட்டணாக் காசு ஒன்றை வைப்பார். சுடும் ஊசி விழுகிற ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும், காசு விழக் கூடாது. அதற்கும் குழலுக்குள் ஒரு வெற்றுக்கூடு வைத்துத்தான் அழுத்த விடுவார். ‘பாயிண்ட் டூ டூ’வில் ஊசி ரவுண்டின் விளிம்பைத்தான் அடிக்கும், உள்ளே ஒன்றுமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் குழலின் வாய் நசுங்கும். “துப்பாக்கிக்கும் வலிக்கும்” என்பதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்த பிறகு துணித் துண்டைப் புல்-த்ரூ கயிற்றில் கோத்துக் குழலைத் துடைக்கும்போது பார்த்தால் அது தெரியும். அவசரம் இருக்காது. துணி வெள்ளையாக வெளியே வரும்வரை நிறுத்த மாட்டார்.

இதெல்லாம் நல்ல பயிற்றுநர் எவரும் செய்வதுதான். உஸ்தாத் மட்டும் செய்த ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரேஞ்சுக்குப் போன முதல் நாள். திருச்சிக்கு வெளியே, பாறைக் குன்று ஒன்றை ஒட்டிய இடம். 25 கஜ தூரத்தில் டார்கெட். நான் முதல் ரவுண்டைச் சுட்டதும் தலையைத் தூக்கினேன். எல்லாரும் செய்வதுதான், எங்கே பட்டது என்று தெரிய வேண்டாமா? முதுகில் லேசாக ஒரு தட்டு.

“தலைய வை. ட்ரிகர விடாத. இப்ப சொல்லு, குண்டு எங்க போச்சு?”

“தெரியல உஸ்தாத். பாத்தாத்தானே தெரியும்?”

“பாத்துச் சொல்றதுக்கு மார்க்கர் இருக்கான். நீ பாக்காம சொல்லு. வெடிச்ச நேரத்துல ஃபோர்சைட் எங்க இருந்துச்சு? கடியார முள்ளு கணக்குல சொல்லு. சொல்லிட்டு அப்புறம் பாரு.”

என் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு, காதில் பென்சில். ஒவ்வொரு கேடட்டுக்கும் ஒரு பக்கம். பக்கத்தில் கையாலேயே வரைந்த வட்டங்கள். நான் “ஏழு மணி, கறுப்புக்கு வெளியே” என்றால் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஐந்து ரவுண்டும் முடிந்து, போல்ட்டைத் திறந்து காட்டி, ரேஞ்ச் பாதுகாப்பு என்று உறுதியான பிறகு எல்லாரும் டார்கெட்டிடம் நடப்போம். அங்கே ஓட்டைகளைப் பார்த்து அதே வட்டத்தில் புள்ளி வைப்பார். பெருக்கல் குறி நான் சொன்னது. புள்ளி உண்மையில் பட்டது. மொத்த மதிப்பெண்ணை அவர் ஓரத்தில் சின்னதாக எழுதுவார். இரண்டு குறிகளுக்கும் உள்ள இடைவெளியைத்தான் ஸ்கேல் வைத்து அளப்பார்.

நன்றாகச் சுட்டவளை அவர் பாராட்டாமல் போன நாள் உண்டு. மோசமாகச் சுட்டு, அது எங்கே போனது என்று சரியாகச் சொன்னவளை எல்லார் முன்னாலும் பாராட்டிய நாளும் உண்டு. எங்களுக்கு முதலில் அது நியாயமாகப் படவில்லை. பிறகு காரணத்தைச் சொன்னார். துப்பாக்கி வெடிக்கிற கணத்தில் கண் திறந்திருந்தால், அந்தக் கண் ஃபோர்சைட்டின் மேல் இருந்தால், கடைசியாகப் பார்த்த காட்சி மனதில் நிற்கும். அந்தக் காட்சியை வைத்தே குண்டு போன இடத்தைச் சொல்லிவிடலாம். கண்ணை மூடியவளுக்கோ ட்ரிகரை இழுத்தவளுக்கோ காட்சி இருக்காது. அவள் குண்டு நடுவில் பட்டிருந்தாலும் அது அவள் சுட்டதல்ல, தானாகப் பட்டது. “தானா பட்ட பத்த வச்சுகினு நாளைக்கு நீ இன்னா பண்ணுவ? எதனால ஏழாச்சுன்னு தெரிஞ்சவ நாளைக்கு எட்டாக்குவா.”

யார் கண்ணை மூடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. “நான் லோடு பண்ணித் தரேன்” என்று அவரே ரவுண்டை வைப்பார். சில தடவை ரவுண்டுக்குப் பதில் வெற்றுக்கூட்டை வைத்துவிடுவார். நமக்குத் தெரியாது. அழுத்தும்போது வெடிக்காது; ஆனால் வெடிக்கப்போகிறது என்று பயந்த தோள் குலுங்கும், இமை மூடும், குழல் கவிழும். மறைத்துவைத்த பயம் அங்கே அப்படியே வெளியே வந்துவிடும். அவர் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. “பாத்தியாம்மா, இதத்தான் சரி பண்ணணும்” என்று அடுத்த ரவுண்டை வைப்பார்.

1995இல் டெல்லியில் நடக்கும் என்.சி.சி.யின் தல் சைனிக் முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் அந்த நோட்டின் மதிப்பை எல்லாரும் பார்த்தோம். ஒரு டீடெயிலில், அதாவது ஒரே நேரத்தில் சுடும் வரிசையில், ஆறு பேர். எனக்கு அடுத்த லேனில் வேறு கல்லூரிப் பெண் ஒருத்தி. ஆளுக்கு 5 ரவுண்டு. சுட்டு முடித்துப் போய்ப் பார்த்தால் என் தாளில் 6 ஓட்டை. அவள் தாளில் 4. அவளுடைய குண்டு ஒன்று என் தாளுக்கு வந்திருக்கிறது. எது வந்தது? கறுப்புக்குள் ஐந்து, கறுப்புக்கு வெளியே கீழ் இடப்பக்கம் ஒன்று. ஸ்கோர் எழுத வந்தவர், வெளியே இருப்பதுதான் அடுத்த லேன் குண்டாக இருக்கும், கறுப்புக்குள் இருக்கும் ஐந்தையும் எனக்கே கொடுத்துவிடலாம் என்றார். எனக்கு லாபமான முடிவு. நான் வாயைத் திறப்பதற்குள் உஸ்தாத் நோட்டைத் திறந்து நீட்டினார்.

“சாப், மூணாவது குண்டு ஏழு மணி, வெளியேன்னு இந்தப் பொண்ணே சொல்லியிருக்கு. சுட்ட உடனே சொன்னது. எழுதியிருக்கேன். வெளிய இருக்கறது இவளுது.”

நான்கு பெருக்கல் குறிகள் கறுப்புக்குள், ஒன்று வெளியே. மீதியிருந்தது இரண்டு மணிப் பக்கத்தில் கறுப்பின் ஓரத்தில் இருந்த ஓட்டை. நான் அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. அடுத்த லேன் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உஸ்தாத் அவளருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, எந்தக் குண்டுல ஃபோர்சைட் தெரியாம போச்சு?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “நாலாவதுல சார். கண்ண மூடிட்டேன். எந்த நம்பர் போர்டுன்னும் பாக்கல” என்றாள்.

எனக்கு வெளியே போன குண்டுதான் கணக்கில் ஏறியது. அவளுக்கு ஒரு குண்டு மிஸ். அன்று மாலை உஸ்தாத் செய்ததுதான் பெரிது. வேறு பட்டாலியன் பெண் அவள். அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனாலும் அவளுடைய பயிற்றுநர் (ஜி.சி.ஐ.) மேடத்திடம் அனுமதி கேட்டு, தரியை விரித்து, இருட்டும்வரை காசு வைத்து அழுத்தப் பழக்கினார். “எல்லார் முன்னாலயும் கண்ண மூடிட்டேன்னு சொன்ன பொண்ணு. இவளுக்குச் சொல்லிக்குடுக்கலன்னா வேற யாருக்குச் சொல்லிக்குடுக்கறது?” என்று எங்களிடம் சொன்னார். அடுத்த ஆண்டு டெல்லிக்குப் போன அணியில் அவள் இருந்தாள்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் ரேஞ்சில் தேநீர் குடிக்கும்போது தெரிந்தது. வடகிழக்கில் இரவு ரோந்து. காட்டுப் பாதையில் ஏதோ சரசரக்க, புதிதாக வந்த ஜவான் ஒருவன் சுட்டுவிட்டான். விடிந்த பிறகு பார்த்தால் ஒரு பசு செத்துக் கிடக்கிறது. மாட்டுக்குச் சொந்தக்காரி ஒரு கிழவி. பிளாட்டூனில் எல்லாரும் காசு போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். “அந்தப் பையன கேட்டேன், எங்கடா குறி வச்சேன்னு. தெரியல உஸ்தாத்ன்னான். எப்ப அழுத்தினேன்னு கேட்டேன். அதுவும் தெரியலன்னான். மாடு செத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. அங்க கிழவியே நின்னிருந்தா? சுட்டவனுக்கே தெரியாம ஒரு குண்டு போவக் கூடாது. அன்னிலேர்ந்துதான் இந்த நோட்டு.”

அவருக்குக் குண்டின் கணக்கு அதோடு முடிவதில்லை. கோத்திலிருந்து, அதாவது ஆயுதக் கிடங்கிலிருந்து, எத்தனை ரவுண்டு வந்ததோ அத்தனை கோக்கா, அதாவது வெற்றுக்கூடு, திரும்பிப் போக வேண்டும் என்பது ராணுவ விதி. ரேஞ்சை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் தன்னிடம் ரவுண்டோ கோக்காவோ இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு மாலை ஒரு கோக்கா குறைந்தது. வண்டி தயாராக நிற்கிறது. மழை மேகம் கூடுகிறது. வந்திருந்த அதிகாரிகள் அவசரப்படுகிறார்கள். ஒரு கோக்காவுக்கு எதையாவது எழுதிச் சமாளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உஸ்தாத் சல்யூட் அடித்து, “பத்து நிமிஷம் குடுங்க சாப்” என்றார். எங்களை ஒரே வரிசையில் மண்டியிட வைத்து, கையால் புல்லைத் தடவிக்கொண்டே முன்னே நகரச் சொன்னார். அவரும் வரிசையில் ஒருவராக மண்டியிட்டார். கடைசியில் அது ஒருத்தியின் சட்டைக் கை மடிப்புக்குள் இருந்தது. போல்ட்டை இழுத்தபோது தெறித்து உள்ளே விழுந்திருக்கிறது. அவள் நடுங்கிப்போய் அழுதாள். “அழாதம்மா, இருக்கற எடம் தெரிஞ்சுபோச்சு இல்ல, அவ்ளோதான்” என்று அதை வாங்கிப் பெட்டியில் போட்டு, எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியெல்லாம் மழை. வண்டியில் அவர் எங்களுக்குப் பட்டாளத்துப் பாட்டுகள் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று ஆண்டுகளில் அவருக்கு மாற்றல் வந்தது. ஓய்வுபெற்ற பிறகு, பல முன்னாள் ஹவில்தார்களைப் போல, ஒரு வங்கியில் கன்மேன் வேலை. இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கியோடு வாசலில் நிற்பார். பென்ஷன் வாங்க வரும் கிழவிகளுக்குச் சலான் எழுதிக் கொடுப்பார். அத்தனை ஆண்டுப் பணியில் ஆண்டுப் பயிற்சியைத் தவிர ஒரு தடவைகூட அந்தத் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதை அவர் பெருமையாகச் சொல்வார். காலையில் வேலைக்குப் போகுமுன் ஊர் ஏரிக்கரையில் ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகும் பையன்களை ஓடவைப்பார். காசு வாங்கியதில்லை.

அவருடைய இடது காது அப்போதே மந்தம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குக் குழலின் பக்கம் இருப்பது இடது காதுதான், அடியும் அதற்குத்தான். அவர் காலத்தில் காதுக்கு மூடி ஏது? எல்.எம்.ஜி.யும் எஸ்.எல்.ஆரும் பக்கத்தில் வெடிக்க, பஞ்சை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தவர்கள். அவர் வீட்டுக்குப் போனால் நாங்கள் வலப்பக்கத்தில்தான் உட்காருவோம். என் கேடட்டுகளுக்குக் காது மூடி இல்லாமல் ரேஞ்ச் நடத்துவதில்லை என்று நான் வைத்திருக்கும் விதிக்கு அந்த இடது காதுதான் காரணம்.

2008 ஆகஸ்ட் 11 அன்று பிந்த்ரா தங்கம் வென்ற செய்தி வந்ததும் அவரே தொலைபேசியில் அழைத்தார். தங்கம் என்பதைவிடக் கடைசிக் குண்டு பற்றித்தான் அவருக்குப் பேச்சு. அதற்கு முன்புவரை ஃபின்லாந்து வீரரோடு சமநிலை. அந்தச் சமநிலையில் வைத்து 10.8 சுட்டிருக்கிறார். “கடைசின்னு நெனச்சிருந்தா கை ஆடியிருக்கும்மா. மொத குண்டுக்கு இன்னா பண்ணானோ அதயேதான் இதுக்கும் பண்ணியிருக்கான்.” என்னவோ தன் டீடெயிலில் சுட்ட பையனைப் பற்றிச் சொல்வதைப்போல அவ்வளவு சந்தோஷம்.

நான் கல்லூரி ஆசிரியையாகி, குவாலியரில் என்.சி.சி. அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்து, ஏ.என்.ஓ., அதாவது கல்லூரியின் என்.சி.சி. அதிகாரி, ஆனபோது அவரிடம் முதலில் சொன்னேன். “நோட்டு வாங்கிட்டியா?” என்றார். வாங்கிவிட்டேன் என்றேன். ரேஞ்சுக்கு மட்டுமல்ல, அந்த நோட்டு என் ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. தனி ஊசல் சோதனையில் மாணவர்கள் ஸ்டாப்வாட்ச்சைத் தொடுமுன், இத்தனை நீளத்துக்கு அலைவு நேரம் எவ்வளவு வரும் என்று நினைக்கிறார்கள் என்பதை மையால் எழுதச் சொல்வேன். பிறகு அளக்க வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. புத்தகத்து விடைக்கு ஏற்றபடி அளவைத் திருத்தும் பழக்கம் இதனால் என் வகுப்பில் பெருமளவு குறைந்தது. தான் நினைத்தது இன்னது, நடந்தது இன்னது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகியவர்களுக்குத் தவறு அவமானமாகத் தோன்றுவதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தபோது சர்க்கரை நோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. கண்புரை அறுவை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. என் கேடட்டுகளின் நோட்டைக் கேட்டார். கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, விரலை வைத்து, “இந்தப் பாப்பா எட்டிப் பாக்குது” என்றார். அந்தப் பக்கத்தில் பெருக்கல் குறியும் புள்ளியும் ஐந்துக்கு ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. நான் அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். “ரெண்டு மாசப் பழக்கத்துல யாருக்கும் இவ்ளோ சரியா வராதும்மா. திட்டாத. ஏன் பாக்கணும்னு தோணுதுன்னு கேளு.” ஊருக்குத் திரும்பிக் கேட்டேன். தப்பாகச் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்ததாகச் சொன்னாள். தப்பாகச் சொல்வதற்காக யாரையும் எடுக்க மாட்டேன் என்று முழுக் கம்பெனிக்கும் அன்றே சொன்னேன். அவளை மட்டும் தனியே அழைத்துச் சொல்லியிருந்தால் போதாது என்று எனக்குத் தோன்றியதும் அவரிடம் கற்றதுதான்.

இறுதிச் சடங்குக்கு வெவ்வேறு ஆண்டுகளில் அவரிடம் படித்தவர்கள் வந்திருந்தோம். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. போலீஸில் இருக்கும் பெண் ஒருவர், ரயில்வேயில் ஒருவர், அவர் ஓடவைத்து ராணுவத்தில் சேர்ந்து விடுப்பில் வந்திருந்த பையன்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துப் பெரியவர்கள் பதக்கங்களை அணிந்துவந்து வரிசையில் நின்று சல்யூட் வைத்தார்கள். எங்கள் பேச்சில் ஒரு விஷயம் தெரிந்தது. மூன்று இடங்களில், மூன்று வகைத் துப்பாக்கிகளில் அவரிடம் கற்ற நாங்கள் எல்லாரும் முதல் குண்டுக்குப் பிறகு அவரிடமிருந்து கேட்டது அதே கேள்வியைத்தான்.

இப்போது சில இடங்களில் திரையில் சுடும் சிமுலேட்டர்கள் வந்துவிட்டன. பெரிய போட்டிகளில் எல்லாம் மின்னணு டார்கெட். குண்டு போன மறு விநாடி பக்கத்தில் இருக்கும் மானிட்டரில் இடம் தெரிந்துவிடும். நல்ல வசதி. நான் அதை வரவேற்கிறேன். ரவுண்டும் மிச்சம், ஆபத்தும் இல்லை. ஆனால் திரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளை தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் அந்த ஒரு நொடி போய்விடுகிறது. உஸ்தாதிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. “ஒரு துண்ட போட்டு மூடும்மா. சொன்னதுக்கு அப்புறம் துண்ட எடு.” நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

என்.சி.சி.யிலும் ரைஃபிள் கிளப்புகளிலும் கற்றுக்கொடுக்கும் மற்றவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கேடட்டுக்குக் கிடைக்கும் ரவுண்டுகள் கொஞ்சம். முகாமில் நேரமும் கொஞ்சம். அவசரத்தில் டீடெயில் டீடெயிலாகப் படுக்கவைத்துச் சுடவிட்டு, ஸ்கோரைப் படித்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஒரு மூச்சு நேரம் கொடுங்கள், எங்கே போனது என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும், அதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் உஸ்தாதின் பெயரில் விருதோ அரங்கமோ வரப்போவதில்லை. இந்தப் பழக்கம் அவருக்குப் பிறகும் ரேஞ்சுகளில் நிற்க வேண்டும். அவரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வாங்கினால் அது நிற்கும்.